நாயின் கண்ணீரை அளக்க ஒரு நிமிடம் போதும்

நாயின் கண்ணோரத்தில் பீளை சேர்ந்தால் பெரும்பாலான வீடுகளில் யாரும் பதறுவதில்லை. ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். மறுநாளும் சேர்ந்தால் மறுநாளும் துடைப்பார்கள். பீளை மஞ்சளாகி, பச்சையாகி, இமைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியதும் மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவார்கள். நான்கு நாளில் கண் கொஞ்சம் தெளியும். மருந்து தீர்ந்து சில நாள் ஆனதும் பழையபடி பீளை. மறுபடி சொட்டு மருந்து. இப்படியே மாதங்கள் ஓடி, கருவிழியின்மேல் பழுப்பாக ஒரு படலம் ஏறி, நாய் நாற்காலிக் காலில் முட்டிக்கொள்ளும்போதுதான் இதற்குக் கண் தெரிகிறதா என்ற சந்தேகமே வருகிறது. அதற்குள் காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வையில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் பீளைக்குப் பின்னால் பல நாய்களிடம் இருப்பது கண்ணீர் வற்றிப்போகும் ஒரு நோய். பார்வைக்குக் கசகசவென்று ஈரமாகத் தெரிகிற கண்ணை வறண்ட கண் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். கண்ணீரில் நீர் குறையும்போது அதில் கலந்திருக்கும் சளிப்பொருள் மட்டும் மிஞ்சிக் கெட்டியாகி, கயிறு கயிறாகத் திரள்கிறது. கழுவிக்கொண்டு போக நீர் இல்லாததால் கிருமிகள் தங்கிப் பெருகுகின்றன. ஆன்டிபயாடிக் சொட்டு அந்தக் கிருமிகளைக் குறைக்கிறது, மருந்தின் ஈரமும் கண்ணுக்குச் சில நாள் இதம் தருகிறது. நீர் சுரக்காத காரணம் மட்டும் தொடப்படாமல் அப்படியே கிடக்கிறது. மருத்துவர்கள் இதை உலர் கண் நோய் என்கிறார்கள். நாய் வளர்ப்போர் பேச்சில் 'டிரை ஐ'. ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்து, விடாமல் மருந்து போட்டால், பெரும்பாலான நாய்களின் பார்வையைக் கடைசிவரை காப்பாற்றிவிடலாம்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மெல்லிய வடிதாள் பட்டை ஒன்று போதும். அதன் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகி ஒரு நிமிடம் விட்டு எடுத்தால், கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஊறியிருக்கிறது என்று பட்டையிலேயே படித்துவிடலாம். 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல கண். பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே இருந்தால் நோய் தொடங்கியிருக்கலாம். அறிகுறிகளோடு பத்துக்குக் கீழே போனால் உலர் கண் என்றே கொள்ளலாம், ஐந்துக்குக் கீழே என்றால் நோய் முற்றியிருக்கிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903-ல் மனிதர்களுக்காக விவரித்த சோதனை இது. அதே 1903-ல்தான் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. இன்று அந்தக் கல்லூரி மருத்துவமனையில் விலங்குகளின் கண்ணுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. மனிதர்களின் கண் மருத்துவமனைகளில் பயன்படும் அதே பட்டைதான் நாய்க்கும். நூறாண்டைத் தாண்டிய, விலை குறைந்த, வலியில்லாத ஒரு சோதனை இன்னும் எல்லாக் கால்நடை மருத்துவமனைகளின் மேசைக்கும் வந்து சேரவில்லை என்பது வருத்தத்துக்குரியது. பீளையோடும் சிவந்த கண்ணோடும் வரும் எந்த நாய்க்கும் ஆன்டிபயாடிக் எழுதும் முன் கண்ணீரை அளந்து பார்ப்பது கட்டாய வழக்கமாக வேண்டும். புண்ணோ காயமோ ஏற்பட்டுக் கண் கிழியும் நிலையில் இருப்பது மட்டுமே இதற்கு விலக்கு.

கண்ணீர் என்றால் வெறும் உப்புநீர் என்று நினைப்பது பழக்கம். உண்மையில் அது மூன்று பொருள்கள் சேர்ந்த மெல்லிய படலம். மேலே இமையோரச் சுரப்பிகள் தரும் எண்ணெய், நடுவில் நீர், அடியில் அந்த நீரைக் கருவிழியோடு ஒட்டவைக்கும் சளிப்பொருள். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, இருந்தால் ஒளி ஊடுருவாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கும், கிருமிகளை எதிர்க்கும் புரதங்களும் இந்தப் படலத்தின் வழியாகத்தான் வருகின்றன. படலம் வற்றினால் கருவிழி பட்டினி கிடக்கிறது. உடல் தன்னால் முடிந்த வகையில் உதவ முயன்று கருவிழிக்குள் புதிய ரத்தக் குழாய்களை அனுப்புகிறது. கூடவே பழுப்பு நிறமியும் ஏறுகிறது. கண்ணாடி போன்றிருந்த விழி மங்கிப்போவது இப்படித்தான். நடுவில் புண் விழுந்து ஆழமானால் சில நாட்களிலேயே கண் துளைபட்டுப் போகவும் கூடும்.

வலியும் உண்டு. உலர் கண் வந்த மனிதர்கள் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்துகிறது, எரிகிறது என்று சொல்லி மருத்துவரிடம் போய்விடுகிறார்கள். நாய்க்கு அந்த வழி இல்லை. அது கண்ணைச் சுருக்கும், அடிக்கடி இமைக்கும், முகத்தைச் சோபாவிலும் தரையிலும் தேய்க்கும், வெயிலைக் கண்டால் நிழலுக்கு ஒதுங்கும். "வயசாயிடுச்சு, முன்ன மாதிரி விளையாடறதில்ல" என்று வீட்டில் பேசிக்கொள்வதன் பின்னால் பல மாதக் கண் எரிச்சல் இருக்கலாம். மருந்து பிடித்துக் கண் ஈரமானதும் சில நாய்கள் மறுபடி பந்தைத் தூக்கிக்கொண்டு வருவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

நாய்க்குக் கண்ணீர் தரும் சுரப்பிகள் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. ஒன்று மனிதர்களுக்கு இருப்பதுபோலக் கண்ணுக்கு மேலே. மற்றது மூன்றாம் இமையின் அடியில், மூக்கை ஒட்டிய மூலையில். இந்த இரண்டாவது சுரப்பி மட்டுமே மொத்தக் கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை தருகிறது. காக்கர் ஸ்பேனியல், புல்டாக், பீகிள் போன்ற இனங்களின் குட்டிகளில் சிலவற்றுக்கு இந்தச் சுரப்பி இடம் பெயர்ந்து, கண்மூலையில் சிவப்புக் கொட்டைபோல வெளியே துருத்திக்கொள்ளும். 'செர்ரி ஐ' என்பது அதுதான். பல ஆண்டுகளாக இதற்குச் செய்த வைத்தியம் அந்தச் சதையை வெட்டி எறிவது. சில நிமிடத்தில் முடிந்துவிடும், பார்க்கவும் கண் சுத்தமாக இருக்கும். ஆனால் வெட்டப்பட்டது கண்ணீர்ச் சுரப்பி. அப்படி வெட்டிய நாய்களில் பல, சில ஆண்டுகள் கழித்து நடுவயதில் உலர் கண்ணோடு வந்து நிற்கின்றன. சுரப்பியை வெட்டாமல் ஒரு சிறு பை தைத்து உள்ளே திருப்பி வைப்பதே இன்று கண் மருத்துவர்கள் ஏற்கும் முறை. வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், குட்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போவது நல்லது.

மற்ற காரணங்களும் உண்டு. டிஸ்டெம்பர் வைரஸ் கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கும். தடுப்பூசி போடாத தெருநாய்க் குட்டிகள் மூக்கிலும் கண்ணிலும் ஒழுகலோடு மீட்கப்படும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும். சல்ஃபா வகை ஆன்டிபயாடிக்குகளைச் சில நாய்களுக்குத் தொடர்ந்து கொடுத்தால் கண்ணீர் குறைந்துவிடும். ஆகவே அந்த மருந்தை நீண்ட நாள் கொடுப்பதாக இருந்தால், தொடங்கும் முன்னும் இடையிலும் கண்ணீரை அளக்க வேண்டும். சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் உள்ள நாய்களுக்கு ஆபத்து கூடுதல். ஒரு பக்கக் கண் மட்டும் வறண்டு, அதே பக்க மூக்குத் துவாரமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் நரம்பில் கோளாறு என்று பொருள். காதின் உட்பகுதியில் சீழ் பிடித்திருக்கிறதா என்று அப்போது பார்ப்பார்கள். இந்த வகைக்கு மருந்தே வேறு. பைலோகார்பைன் சொட்டை உணவில் கலந்து, அளவைக் கவனமாகக் கூட்டிக்கொண்டே போய் நரம்பைத் தூண்டுகிறார்கள்.

இவை எல்லாம் சேர்ந்தும் சிறுபான்மைதான். பெரும்பாலான நாய்களில் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே தவறுதலாகக் கண்ணீர்ச் சுரப்பிக்குள் புகுந்து அதை அழிக்கின்றன. இதை உலகம் புரிந்துகொண்ட கதையும், அதற்கு மருந்து கிடைத்த கதையும் நாய்களால் மனிதர்கள் பெற்ற நன்மையின் கதைதான். அது அதிகம் பேசப்படுவதில்லை.

1969-ல் சுவிட்சர்லாந்தின் சான்டோஸ் மருந்து நிறுவன ஊழியர் ஒருவர் விடுமுறைக்கு நார்வே போனார். புதிய ஆன்டிபயாடிக்குகளைத் தேடுவதற்காக, ஊழியர்கள் போகிற இடத்திலிருந்தெல்லாம் மண் எடுத்து வருவது அந்த நிறுவனத்தில் வழக்கம். ஹர்தாங்கர்வித்தா பீடபூமியில் அவர் எடுத்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. அதிலிருந்து பிரித்த பொருள் ஆன்டிபயாடிக்காகப் பெரிதாகப் பயன்படவில்லை. ஆனால் நோயெதிர்ப்பு அணுக்களில் குறிப்பிட்ட ஒரு வகையை மட்டும் அடக்கும் திறன் அதற்கு இருப்பதை 1972 வாக்கில் நிறுவனத்தின் பாஸல் ஆய்வகம் கண்டது. அதுதான் சைக்ளோஸ்போரின். சிறுநீரகம், கல்லீரல், இதயம் மாற்றியவர்களின் உடல் புதிய உறுப்பை உதறிவிடாமல் காத்த மருந்து. 1983-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் முகத்தையே மாற்றியது.

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரெனி காஸ்வான் என்ற விலங்குக் கண் மருத்துவர் 1980களில் உலர் கண் நாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுரப்பித் திசுக்களில் நோயெதிர்ப்பு அணுக்கள் குவிந்திருப்பதைப் பார்த்த அவர், மனிதர்களுக்கு வரும் ஷோக்ரென் நோயோடு இதற்கு ஒற்றுமை இருப்பதைக் கண்டார். வாயும் கண்ணும் வறளும் அந்த நோயை ஸ்வீடன் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் 1933-ல் விவரித்திருந்தார். உறுப்பு மாற்றத்தில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் சொட்டாக விட்டால் சுரப்பி மீளுமா என்று காஸ்வான் முயன்றார். சுரப்பி மீண்டது. வற்றிய கண்களில் மறுபடி நீர் ஊறியது. அதுவரை செயற்கைக் கண்ணீரை நாள் முழுக்க விட்டுக்கொண்டிருப்பதைத் தவிர இந்த நோய்க்குப் பெரிய வழி இருந்ததில்லை. 1995-ல் நாய்களுக்கான 0.2 சதவீத சைக்ளோஸ்போரின் களிம்புக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. மனிதர்களுக்கான 0.05 சதவீதச் சொட்டு மருந்து ரெஸ்டாசிஸ் என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது 2002 டிசம்பரில். நாய்க்கு மருந்து வந்து ஏழாண்டு கழித்துத்தான் மனிதருக்கு வந்தது.

அந்த மருந்தில் எவ்வளவு பணம் புரண்டது என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். காப்புரிமையைப் போட்டியாளர்களிடமிருந்து காப்பதற்காக, 2017-ல் ரெஸ்டாசிஸை விற்ற ஆலர்கன் நிறுவனம் அந்தக் காப்புரிமையை நியூயார்க் மாநிலத்துச் செயின்ட் ரெஜிஸ் மோஹாக் என்ற பழங்குடியினரின் பெயருக்கு மாற்றி எழுதியது. பழங்குடிகளுக்குள்ள இறையாண்மையைக் கேடயமாக்கலாம் என்பது கணக்கு. சில வாரங்களிலேயே டெக்ஸாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் காப்புரிமைகளே செல்லாது என்றது. வணிகம் எப்படியும் போகட்டும். இன்று கணினித் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் வறண்டு சைக்ளோஸ்போரின் சொட்டு விடுகிற லட்சக்கணக்கானோர், ஜார்ஜியா ஆய்வகத்து நாய்களுக்குக் கடன்பட்டவர்கள். அந்த நாய்களின் இனத்துக்கே இங்கே ஒரு நிமிடச் சோதனை மறுக்கப்படுவது நியாயமாக இல்லை.

மருந்து இருக்கிறது என்பது பாதிக் கதை. மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது, பெரும்பாலும் தவறிப்போவதும் அங்கேதான்.

சைக்ளோஸ்போரின் போட்ட மறுநாளே கண்ணீர் வந்துவிடாது. சுரப்பிக்குள் நடக்கும் தாக்குதல் அடங்கி, மிச்சமிருக்கும் திசு மறுபடி வேலை செய்ய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், சில நாய்களுக்கு அதற்கும் மேல். "ரெண்டு வாரம் போட்டோம், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்தியவர்கள் மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே கைவிட்டவர்கள். தொடக்கத்தில் பட்டையில் 2 மில்லிமீட்டராவது ஊறிய நாய்களில் ஏறத்தாழ பத்தில் எட்டு இந்த மருந்துக்கு நன்றாக இணங்குகின்றன. ஊறலே இல்லாத, அல்லது ஒரு மில்லிமீட்டரோடு நின்ற நாய்களில் பாதி அளவுக்குத்தான் பலன். தாமதத்தின் விலை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. இதற்கு இணங்காத நாய்களுக்கு டாக்ரோலிமஸ் என்ற வேறொரு மருந்து உண்டு, அதில் சில தேறிவிடுகின்றன.

இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுக் கண் பளிச்சென்று ஆனதும் குணமாகிவிட்டது என்று நிறுத்துவது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுச் சர்க்கரை அளவு சரியானதும் மாத்திரையை விட்டுவிடுகிறவரின் கதைதான் இதுவும். மருந்து நின்ற சில வாரங்களில் தாக்குதல் திரும்பிவிடும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சுரப்பியில் இன்னும் கொஞ்சம் திசு அழிகிறது. மருத்துவர் அளவைக் குறைக்கச் சொல்லலாம், இருவேளையை ஒருவேளையாக்கலாம். அதைப் பட்டையில் வரும் எண்ணைப் பார்த்து அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கண்ணின் பளபளப்பைப் பார்த்து வீட்டில் முடிவுசெய்யக் கூடாது. மறுபரிசோதனைக்குப் போகும் நாளிலும் மருந்தை வழக்கம்போலப் போட்டுவிட்டே போக வேண்டும். மருந்தோடு கண்ணீர் எவ்வளவு என்பதுதானே தெரிய வேண்டியது.

அன்றாட வேலை ஒன்றும் கடினமில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். முதலில் பீளையைக் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரிலோ சலைனிலோ நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுக்க வேண்டும். காய்ந்ததைப் பிய்த்து இழுத்தால் நாய்க்கு வலிக்கும், அடுத்த நாள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பீளை மேலேயே மருந்தை விட்டால் மருந்து கண்ணைச் சேராது. கண்ணைச் சுற்றி நீண்ட முடி இருந்தால் கத்தரித்துவிட வேண்டும். மருந்து விடும்போது நாய்க்குப் பின்னால் உட்கார்ந்து, தாடையை லேசாகத் தூக்கி, தலைக்குப் பின்னாலிருந்து குப்பியைக் கொண்டுவந்தால் அது மிரளாது. குப்பியின் நுனி கண்ணைத் தொடக்கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து முதல் பத்து நிமிடம் விட வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். சொட்டு முதலில், களிம்பு கடைசியில். சைக்ளோஸ்போரின் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து என்பதால் போட்டபின் கை கழுவுவது அவசியம், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்வது நல்லது. காலையும் மாலையும் சாப்பாட்டுக்குச் சற்று முன் இதை வைத்துக்கொண்டால், மருந்து முடிந்தால் தட்டு வரும் என்று நாய் சீக்கிரமே பழகிக்கொள்ளும். பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு நாலைந்து முறை. மின்விசிறியின் நேர்க் காற்றிலும் ஏசியின் வீச்சிலும் படுக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார் ஜன்னல் வழியே தலையை நீட்டும் பழக்கத்தையும் இந்த நாய்களுக்கு நிறுத்திவிட வேண்டும்.

மருந்துக்கடைக்குப் போகிறவர்களிடம் ஒன்றைக் கெஞ்சியாவது கேட்டுக்கொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த கண் சொட்டுகள் பல கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. ஸ்டீராய்டு சிவப்பை ஒரே நாளில் அடக்கிவிடும், அதனாலேயே நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடுகிறது. வறண்ட கண்ணில் புண் இருந்து, அது தெரியாமல் ஸ்டீராய்டு விட்டால் கருவிழி கரைந்து துளை விழலாம். புண் இருக்கிறதா என்று பார்க்க ஃப்ளூரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த பட்டை இருக்கிறது. அதைக் கண்ணில் தொட்டு நீல விளக்கில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். அந்தச் சோதனை நடக்காத கண்ணில் ஸ்டீராய்டு போகக்கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று பக்கத்து வீட்டில் சொல்வதையும் வற்றிய கண்ணில் விட்டுப் பார்க்க வேண்டாம். கழுவிப்போக நீரில்லாத கண்ணில் எதை ஊற்றினாலும் அது அங்கேயே தங்கிக் கிருமிக்குத் தீனியாகும்.

எந்த மருந்துக்கும் இணங்காத கண்களுக்கு ஓர் அறுவை சிகிச்சை உண்டு. கன்னத்தில் எச்சில் கொண்டுவரும் குழாயை வாயிலிருந்து விடுவித்துக் கண்ணோரத்தில் கொண்டுபோய்த் தைப்பது. அதன்பின் எச்சில்தான் கண்ணீர். சாப்பாட்டைக் கண்டால் கண் பெருகி வழியும், எச்சிலில் உள்ள தாதுக்கள் கருவிழியில் படியும், அதற்கும் தொடர்ந்து பராமரிப்பு வேண்டும். கடைசி வழி, ஆனாலும் பார்வையைக் காக்கும் வழி.

இந்த நோய் எல்லா நாய்களுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. பிரிட்டனில் 3.6 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வு, மொத்தத்தில் ஆயிரத்துக்கு நான்கு நாய்களிடம் உலர் கண்ணைக் கண்டது. அமெரிக்கன் காக்கர் ஸ்பேனியலில் அது நூற்றுக்கு ஆறை ஒட்டியது. இங்கிலிஷ் புல்டாக், பக், லாசா ஆப்சோ ஆகியவை அடுத்தடுத்து நின்றன. இவற்றில் சப்பை மூக்கு இனங்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. கண்குழி ஆழமில்லாததால் விழி துருத்தி நிற்கும், தூங்கும்போதுகூட இமை முழுதாக மூடாது, இருக்கிற கொஞ்சக் கண்ணீரும் காற்றில் காய்ந்துவிடும். கூடவே இந்த இனங்களின் கருவிழிக்கு மற்ற நாய்களைவிட உணர்ச்சி குறைவு. கண்ணில் புண் விழுந்தும் அமைதியாகச் சுற்றிவரும் பக் நாயைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று வீட்டார் நினைப்பது இதனால்தான். நீண்ட முகமும் குழிக்குள் அடங்கிய கண்ணும் கொண்ட சிப்பிப்பாறைக்கோ கன்னிக்கோ இந்த அமைப்புக் கோளாறு கிடையாது. அவற்றுக்கு உலர் கண் வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் முகத்தின் அமைப்பே கண்ணுக்கு எதிராக நிற்கும் நிலை அவற்றுக்கு இல்லை.

2003-ல் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிய பக், இந்திய நகரங்களில் அந்த இனத்துக்குப் பெரும் மோகத்தைக் கிளப்பியது. குட்டிகளை விற்றவர்கள் முகத்தின் அழகைச் சொன்னார்கள். அந்தக் கண்ணுக்கு நாளும் கவனம் வேண்டும் என்பதைச் சொன்னவர்கள் குறைவு. வாங்கியவர்களில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பத்தினர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு நாளுக்கு இருவேளை மருந்து என்ற பொறுப்பு, முன்கூட்டித் தெரிந்திருந்தால் அவர்களில் பலர் ஏற்றிருப்பார்கள், சிலர் வேறு நாயைத் தேர்ந்திருப்பார்கள். தெரியாமல் வந்து விழும்போதுதான் மருந்து இடையில் நிற்கிறது. கண் கெட்ட நாய் கடற்கரையிலோ ரயில் நிலையத்திலோ கழற்றிவிடப்படும் கொடுமையும் நடக்கிறது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், நாய் வளர்த்து விற்பவர் ஒவ்வொருவரும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்கின்றன. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது, ஆவணங்களைப் பேண வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த ஆவணங்களோடு தாய் தந்தை நாய்களின் கண் பரிசோதனைக் குறிப்பும் வர வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால் போதும். உலர் கண் உள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடுவது அடுத்த தலைமுறைக்கும் அதே கண்ணைக் கொடுப்பதற்கு வழி. அதைத் தெரிந்தே செய்கிறவரிடம் குட்டி வாங்காமல் இருப்பது வாங்குபவரின் கையில்தான் இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு, அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கால்நடை மருந்தகங்களுக்கு வாங்கும் பொருள் பட்டியலில் கண்ணீர்ப் பட்டையையும் ஃப்ளூரசீன் பட்டையையும் சேர்க்க வேண்டும். நாய் வளர்ப்போரில் மிகப் பலர் ஆண்டுக்கு ஒருமுறையாவது வெறிநோய்த் தடுப்பூசிக்காக மருத்துவரிடம் வருகிறார்கள். அன்றே பக், ஷிட்ஸு, லாசா, காக்கர், புல்டாக் நாய்களுக்கு இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு நிமிடம் பட்டை வைத்துப் பார்த்து, வந்த எண்களைத் தடுப்பூசி அட்டையில் தேதியோடு எழுதிக் கொடுக்கலாம். அட்டையில் அதற்கு ஒரு கட்டம் சேர்த்து அச்சிட்டால் போதும். சென்ற ஆண்டு 20, இந்த ஆண்டு 13 என்று அட்டையில் இருந்தால், பீளை கட்டுவதற்கு முன்பே மருத்துவருக்கும் வீட்டாருக்கும் தெரிந்துவிடும். சுரப்பியில் காப்பாற்ற இன்னும் நிறையத் திசு மிச்சமிருக்கும்போதே மருந்தைத் தொடங்கிவிடலாம்.